துடைத்த காசுகள்

நாணயக் கிளப்பிலிருந்து வந்திருந்த வாலஸ் வெள்ளிக்காசை அதன் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை சாய்த்துப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை உருவியவன், கண்ணுக்குக் கொண்டுபோகாமலே திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஏலக்காய் ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்த ஐலி அதைக் கவனித்தாள்.

அவள் புருஷன் ரெய்னோ முப்பத்தொரு வருஷம் கனடாவில் சட்பரியின் நிக்கல் சுரங்கத்தில் தூசி தின்றவன். நுரையீரல் போய்விட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். குடியில்லை, சூதில்லை, அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் இந்தக் காசுகள்தான். அழிந்துகொண்டிருக்கும் மிருகங்களின் உருவம் போட்டு வருஷத்துக்கு ஒன்றாக வரும் வெள்ளிக்காசு, மொத்தம் பதினாலு. ஆந்தை, குள்ளநரி, கொக்கு, கடலாமை. “பிழைக்கத் தெரியாததை எல்லாம் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றான்” என்று ஐலி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவனும் பெட்டியை அவள் தொட விட்டதில்லை. வருகிற சனிக்கிழமை நாணயக் கிளப்பார் அந்தப் பதினாலையும் ஊர் நூலகத்தின் கண்ணாடிப் பேழையில், அவன் பெயரோடு வைப்பதாக இருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்பதற்காகவே அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் ஐலி அவன் சாவியைத் தேடி எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். பாதிக் காசுகளில் பால் தெறித்த மாதிரி வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. ஐயோ, நாலு பேர் பார்க்கிற இடத்தில் இப்படியா வைப்பது என்று அவளுக்கு மானம் போனது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளிக் கரண்டி துலக்குவது போலவே சோடா உப்பைக் குழைத்து, பழைய துணியால் மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்தாள். பாவி, அத்தனை ஆசையாகத் தேய்த்தாள்.

“என்ன வாலஸ், பேச்சையே காணோம்?” மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்வு நாற்காலியில் கிடந்த ரெய்னோ கையை நீட்டினான்.

வாலஸ் அந்த ஆந்தைக் காசைக் கொடுத்தான். இறகின் மேல் உறைபனி மாதிரி படிந்திருந்த அந்த மங்கல் வெண்மை போயே போய்விட்டது. சுற்றிலும் கண்ணாடி போல இருந்த இடத்தில் மயிரிழை மயிரிழையாய்க் கீறல். ரெய்னோ அடுத்ததைக் கேட்டான், அதற்கடுத்ததையும். நாலாவதை அவன் கேட்கவில்லை.

“பளபளன்னு இருக்கில்ல?” என்றாள் ஐலி.

“நான்தான் துடைச்சேன்” என்றான் ரெய்னோ.

“நீயா? துடைச்ச காசு செத்த காசு, துடைக்கிறவன் கிளப் படியேறக் கூடாதுன்னு மாசாமாசம் கத்துறவன் நீதானப்பா?” என்றான் வாலஸ்.

“மாத்திரை. புத்தி ஒரு நிலையில இல்ல.”

ஐலி கத்தியைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு முழுசும் விளங்கியது. “அவன் இல்ல வாலஸ், நான்தான். சோடா உப்பு போட்டு நான்தான் தேய்ச்சேன்.”

வாலஸ் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் வழிந்தது. “புரியுது ஐலி. நாப்பது வருஷ சம்சாரம், விட்டுக்கொடுப்பீங்களா?”

“நான்தான்னு சொல்றேன்ல.”

“விடு வாலஸ்” என்றான் ரெய்னோ. “பொட்டிச் சாவி எங்க இருக்குன்னே அவளுக்குத் தெரியாது.”

சனிக்கிழமையைப் பற்றிக் கிளப்பில் பேசிவிட்டுச் சொல்வதாக வாலஸ் எழுந்தான். என்ன சொல்வார்கள் என்பது மூன்று பேருக்குமே தெரியும். ரொட்டியை அவன் தொடவில்லை. வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். “இனிமே அவனைத் தனியா விடாதீங்க. அடுப்பு, கத்தி எல்லாம் பாத்துக்குங்க.” இருட்டுவதற்குள் ரெய்னோவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று கிளப் முழுக்கப் பேசும்.

ஐலி திரும்பி வந்து நாற்காலியின் முன் மண்டியிட்டாள். “ஏன்டா அப்படிச் சொன்ன? உன் பேரு போச்சே.”

“நான் போயிருவேன்.” அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். “நீ இந்த ஊருலதான இருக்கணும்.”

அதற்குப் பதில் அவன் அவளை ஓங்கி அறைந்திருக்கலாம். அவள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வார்த்தை திட்டேன் ரெய்னோ. ஒரே ஒரு வார்த்தை.”

“அதுக்கு மூச்சு இல்ல” என்று கண்ணை மூடிக்கொண்டான். கோபத்தில் சொன்னானா, நிஜமாகவே முடியவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கை தளர்ந்து, அதிலிருந்த ஆந்தைக் காசு நெஞ்சின் மேல் கம்பளியில் சரிந்து நின்றது. எடுக்கப் போன விரலை அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். காசு மெல்ல மேலே ஏறியது, இறங்கியது, வெகுநேரம் அப்படியே கிடந்து, பிறகு மறுபடி ஏறியது.