பெண்கள் வரிசை

குழந்தையைக் கணவனிடம் கொடுத்தனுப்பியது தமிழ்வாணியின் யோசனைதான். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனைக்கான ஆண்கள் வரிசையில் நான்கைந்து பேரே நின்றிருந்தார்கள். பெண்கள் வரிசையோ கயிறு கட்டிய பாதைக்குள் மூன்று மடிப்பாக வளைந்து, குடியேற்ற அதிகாரிகளின் மேசைகள்வரை நீண்டிருந்தது. ஏழு மாதக் குழந்தை இந்த நெரிசலில் புழுங்க வேண்டாம் என்று நினைத்தாள்.

"நீங்க இவனத் தூக்கிட்டுப் போயி உள்ள உக்காருங்க. நான் பின்னாடியே வாரேன்."

ராஜபாண்டி முகேஷைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனான். சோதனை முடிந்து, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று அவன் கையசைத்தபோது, அவளுடைய வரிசை ஓரடிகூட நகர்ந்திருக்கவில்லை.

பெண்களைச் சோதிக்கத் திரை போட்ட கூண்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றின் வாயிலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு அடைத்திருந்தார்கள். மற்றொன்றில் ஒரே ஒரு பெண் காவலர். ஆண்கள் பக்கம் நால்வர் இருந்தனர். அவர்களில் இருவருக்கு அப்போது வேலையே இல்லை. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. விதியில் யாரும் குறை காணவில்லை. விதியை நிறைவேற்றத்தான் ஆள் இல்லை.

கோடை விடுமுறை முடிந்து குடும்பங்கள் திரும்பும் வாரம் அது. முதலில் துபாய் விமானம், அடுத்தது கொழும்பு விமானம். கூட்டம் அதிகம் என்பதால் முன்கூட்டியே வந்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் செய்தி போயிருந்தது. எல்லோரும் அதை மதித்தார்கள். அதன் விளைவாக, பின்னால் புறப்பட வேண்டிய கொழும்புக்காரர்கள் முன்னால் நின்றார்கள்.

தமிழ்வாணியின் துபாய் நுழைவு விசாவுக்கு இன்று கடைசி நாள். குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் அனுமதிக்காக, அங்கே வேலை பார்க்கும் ராஜபாண்டி இரண்டு ஆண்டுகள் அலைந்திருந்தான். அனுமதி கிடைத்த பிறகு முகேஷுக்கு அம்மை போட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளம்பலாம் என்றபோது சளி பிடித்தது. விசாவின் கெடு சமயநல்லூர் வீட்டிலேயே கரைந்துபோயிற்று. மகன் பிறந்தபோது வர முடியாத ராஜபாண்டி, இந்த விடுப்பில்தான் அவனை முதன்முதலாகப் பார்த்தான். இன்று இவள் ஏறாவிட்டால், அவன் மறுபடியும் தனியாகப் போக வேண்டியதுதான்.

விமான நிறுவனத்தின் ஊழியன் தவ்பீக் வரிசையின் ஓரமாக வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கி டாக்கி.

"துபாய் போற லேடீஸ் கொஞ்சம் முன்னாடி வாங்க. கொழும்பு போறவங்க வழி விடுங்கம்மா."

முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பினாள். "நாங்க விடியுமுன்னே வந்து நிக்கிறோம் தம்பி. இவுகளுக்கு நாங்க விட்டுக்குடுக்குறோம். எங்களுக்கு யாரு விட்டுக்குடுப்பா?"

தவ்பீக் அதையே மறுபடியும் சொல்லிப் பார்த்தான். யாரும் வழி விடவில்லை.

தமிழ்வாணிக்கு முன்னால் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஜெயினம்பு நின்றிருந்தார். மகளுடைய பிரசவத்துக்காகத் துபாய் போகிறவர். அவருடைய கணவர் பீர் முகமதுவும் எப்போதோ உள்ளே போய்விட்டார்.

"அந்தப் புள்ளயக் குத்தஞ் சொல்லி என்ன செய்ய?" என்றார் ஜெயினம்பு, பெண் காவலர் இருந்த திரையைப் பார்த்தபடி. "ஒத்த ஆளா நிக்கிது. நான் வந்ததுலருந்து அது ஒரு வாய் தண்ணி குடிக்கப் போகல. எங்க வீட்டுக்காரரப் பாரு, உள்ள போயி ரெண்டாவது காப்பி குடிக்கிறாரு."

தமிழ்வாணிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் முகேஷ் வாய் திறந்து அழுதுகொண்டிருந்தான். சத்தம் கேட்கவில்லை, திறந்த வாய் மட்டும் தெரிந்தது. அவளுக்குப் பால் கட்டி மார்பு வலித்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். கைபேசி அதிர்ந்தது. ராஜபாண்டிதான்.

"பசிக்கிது போல. என்ன செஞ்சும் அடங்க மாட்டேங்கிறான்."

"இங்கிட்டுக் குடுக்கச் சொல்லிக் கேளுங்க."

"கேட்டேன். செக் பண்ணுன பிள்ளைய அப்படியெல்லாம் நீட்டக் கூடாதாம். நான்தான் தூக்கிட்டு வெளிய வரணுமாம். வந்தா மறுபடியும் செக் பண்ணித்தான் விடுவாகளாம்."

தமிழ்வாணி ஆண்கள் வரிசையைப் பார்த்தாள். அங்கே இப்போது ஒருவருமில்லை.

"அதனால என்ன? இங்க உங்க வரிசையில ஆளே இல்லயே. வாங்க."

ராஜபாண்டி தயங்கினான். உள்ளே போனவன் வெளியே வருவது அவனுடைய அனுபவத்தில் இல்லாத காரியம். கடைசியில் காவலரிடம் சொல்லிவிட்டு வந்தான். ஜெயினம்பு துப்பட்டியை விரித்துப் பிடிக்க, அந்த மறைவில் தமிழ்வாணி நின்றபடியே பால் கொடுத்தாள். அழுகை நின்றது. வரிசை ஓரடி நகர்ந்தது. துப்பட்டியும் அதோடு நகர்ந்தது.

தவ்பீக் விரைந்து வந்தான். "சார், நீங்க ஏன் வெளிய வந்தீங்க? போர்டிங் முடியப் போகுது. உள்ள போங்க. மேடத்த முடிஞ்சா அனுப்பி வைக்கிறோம்."

"முடியலன்னா?"

"நாளைக்கு ஃப்ளைட் இருக்கு சார்."

"நாளைக்கு விசா இல்ல தம்பி."

தவ்பீக் வாக்கி டாக்கியைக் கைமாற்றிக்கொண்டான்.

"அப்ப நானும் போகல. இங்கயே நிக்கிறேன்" என்றான் ராஜபாண்டி. அதில் வீரம் ஏதும் இல்லை.

"உங்க வேல?" என்றாள் தமிழ்வாணி.

"பேசாம இரு."

ஜெயினம்பு இருவரையும் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்துக் கணவரை அழைத்தார்.

"இந்தாருங்க, பையத் தூக்கிட்டு இங்கிட்டு வாங்க. அங்கன உக்காந்து என்னத்தக் காவல் காக்குறீங்க? நான் இல்லாம நீங்க போயி மகளுக்குப் பிரசவம் பாப்பீகளா?"

பீர் முகமது வந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் தம் மனைவியிடம் கண்ணாடி வழியே சைகையில் கேட்டு, அவரும் வந்தார். யாரும் கூடிப் பேசவில்லை. சிறிது நேரத்தில் துபாய் போகும் கணவன்மார் பலர் வரிசைக்குப் பக்கத்தில் பைகளோடு நின்றார்கள்.

தவ்பீக் தலைகளை எண்ணினான். பெண்கள் மட்டும் வராமற்போனால் பெயர்களை அடித்துவிட்டுக் கதவை மூடிவிடலாம். அப்படி மூடியும் இருக்கிறார்கள். ஆனால் பெட்டிகளெல்லாம் கணவன்மார் பெயரில் பதிவாகி, விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றப்பட்டிருந்தன. ஆள் ஏறாமல் அவருடைய பெட்டி பறக்கக் கூடாது. இத்தனை பேரின் பெட்டிகளைத் தேடி இறக்குவதைவிட இவர்களின் மனைவியருக்காகக் காத்திருப்பது விரைவில் முடியும். அவன் ஒதுங்கிப்போய் வாக்கி டாக்கியில் பேசினான்.

"ஆமா சார்... பெட்டியெல்லாம் இவங்க பேர்லதான்... இல்ல சார், சண்டையெல்லாம் போடல. சும்மா நிக்கிறாங்க."

பதில் வர நேரமாயிற்று.

"வெயிட் பண்றாங்க" என்றான் தவ்பீக் திரும்பி வந்து. "எம்புட்டு நேரம்னு மட்டும் என்னயக் கேக்காதீங்க."

அதற்குப் பிறகும் வரிசை தன் வேகத்திலேயே நகர்ந்தது. கதவு மூடிவிட்டதோ என்று தமிழ்வாணி ஒவ்வோர் அடிக்கும் தவ்பீக்கின் முகத்தைப் பார்த்தாள். ஜெயினம்பு திரைக்குள் போனதும் ராஜபாண்டி குழந்தைக்குக் கை நீட்டினான்.

"இவன் என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "நீங்க போங்க."

அவன் ஆண்கள் பக்கம் சென்று, அவள் திரைக்குள் நுழைவதைப் பார்த்த பிறகே சோதனைக்குக் கைகளை உயர்த்தினான்.

உள்ளே பெண் காவலர் கருவியை அவள்மேல் ஓட்டினார். வடக்கத்திக்காரர், கண்கள் சிவந்திருந்தன. ரவிக்கையின் ஈரத்தில் பட்ட கை ஒரு கணம் நின்று, எதுவும் கேளாமல் விலகியது. தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, போகலாம் என்று தலையசைத்தார். பிறகு கற்றுக்கொண்ட தமிழில் கேட்டார்.

"வெளியே இன்னும் எவ்வளவு பேர்?"

தமிழ்வாணிக்கு அந்த மூன்று மடிப்பும் கண்முன் வந்தன. குடியேற்ற மேசைகளைத் தாண்டி வால் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் பேர்தான்" என்றாள்.

காவலர் இடுப்பில் கையூன்றி ஒரு முறை நிமிர்ந்துகொண்டு, அடுத்தவருக்காகத் திரையை விலக்கினார். தமிழ்வாணி குழந்தையை இறுக்கிக்கொண்டு, தவ்பீக் கைகாட்டிய திசையில் ராஜபாண்டிக்குப் பின்னால் ஓடினாள்.