அசலைப் பார்த்தவள்

முனிராஜுக்கு லேமினேஷன் என்றால் ஒரு பைத்தியம். ரேஷன் கார்டு, மார்க்ஷீட், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் சட்டை போட்டு பீரோவில் அடுக்கினால்தான் அந்த மனிதனுக்கு நிம்மதி. அந்தப் பைத்தியம்தான் இன்று காலை அவனை மண்டி மொஹல்லாவில் இருந்த லேமினேஷன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனது. மனைவி மகேஸ்வரி ஹனூரில் அம்மா வீட்டில் இருந்தாள். அவள் திரும்புவதற்குள் அவளுடைய ஸ்கேன் படத்துக்கு லேமினேஷன் போட்டுவைத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். சூடான உருளைக்குள் போன காகிதம் மறுபக்கம் கன்னங்கரேலென்று வெளியே வந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால் வயிற்றிலேயே இறந்துபோன குழந்தைக்கு இருந்த ஒரே படம் அது.

இப்போது மணி இரண்டு. மகேஸ்வரியின் பஸ் நாலு மணிக்கு வந்துவிடும். அக்ரஹாரத்தில் ஜீவிதாவின் போட்டோ பிரிண்ட் கடையில் முனிராஜ் உட்காருவதும் எழுவதுமாக இருந்தான். வாசலுக்குப் போய் ஸ்கூட்டரைப் பார்த்தான். பூட்டித்தான் இருந்தது. மறுபடியும் போய்ப் பார்த்தான்.

"அது சூடு பட்டாலே கறுத்துப்போற பேப்பர் அண்ணா. அதைக் கொண்டுபோய் லேமினேஷன்ல விட்டிருக்கீங்களே!" என்றாள் ஜீவிதா.

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க."

நல்லவேளை, போனில் அந்தப் படம் இருந்தது. ஸ்கேன் எடுத்த அன்று அவன் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தான். மகேஸ்வரி அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மையைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனவன் அவன். இப்போது அவனுடைய திட்டம் ரொம்பச் சின்னது. அதே அளவு, ஓரத்தில் அதே பேர், அதே தேதி. பீரோவில் அவளுடைய புடவை மடிப்பில் சொருகிவிட்டால் தெரியவா போகிறது?

முதல் பிரிண்ட் பளபளப்புத் தாளில் வந்தது. டியூப்லைட்டுக்குக் கீழே நன்றாகத்தான் இருந்தது. ஜீவிதா அதை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனாள். குழந்தையின் மேல் பாசி மாதிரி ஒரு பச்சை.

"கலர் மையெல்லாம் கலந்து கறுப்பு பண்ணுது, நோடி, பாருங்க. வெயில்ல குட்டு வெளியாயிடும். இது பேடா, வேண்டாம் அண்ணா," என்றாள் கன்னடம் கலந்து.

அடுத்தது பளபளப்பே இல்லாத தடித்த பருத்தித் தாள், கறுப்பு மை மட்டும். பச்சை போய்விட்டது. ஆனால் தாள் மையைக் குடித்துவிட்டது. சாம்பல் நிறமாக இருக்கவேண்டிய இடமெல்லாம் கரிக்குள் முங்கிப்போயிருந்தது. மூன்றாவதற்கு அவள் லேசாக மினுங்கும் வேறொரு தாளை எடுத்து, கறுப்போடு சாம்பல் மை இரண்டையும் சேர்த்து அடித்தாள். பிறகு மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தாள்.

"எது அசல் மாதிரி இருக்கு? சொல்லுங்க, அதையே இன்னும் சரி பண்றேன்."

முனிராஜ் தெருவைப் பார்த்தான். "நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா."

"நான் அசலைப் பார்க்கலையே அண்ணா. நீங்கதானே பார்த்தீங்க?"

அவன் பார்த்ததே இல்லை. காலையில்கூட பீரோவிலிருந்து எடுத்த உறையை அப்படியே கடைக்காரன் கையில் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்து நின்றவன்தான். இந்த ஏழு மாதத்தில் மகேஸ்வரி அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அவனுக்குக் கடையில் எதையாவது வாங்கிவர வேண்டியிருந்தது. துக்கம் இல்லாமல் இல்லை. பயம். பார்த்தால் அது பிள்ளையாகிவிடும் என்ற பயம்.

போன் அடித்தது. மகேஸ்வரி. "நரசிபுரம் தாண்டியாச்சுங்க. சாப்ட்டீங்களா?"

"ஆச்சு கண்ணு," என்று பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மூன்றாவது பிரிண்டைக் கையில் எடுத்தான். கண்ணை எடுக்காமல் பார்த்தான். கடைசியில் மூன்றையும், கறுத்துப்போனதையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பஸ் ஸ்டாண்டில் மகேஸ்வரி இறங்கியதும் பையைக்கூட வாங்காமல் உறையை நீட்டி எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டான். எப்படிச் சொல்வது என்று யோசித்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டான்.

"அய்யோ, என்ன பண்ணிப்போட்டீங்க!" அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக்கை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். "கேக்காம எதுக்குங்க எடுத்தீங்க? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான?"

அவள் பிரிண்டுகளை எடுத்தாள். பச்சையை ஒதுக்கினாள். கரியை ஒதுக்கினாள். மூன்றாவதை வெகுநேரம் வைத்திருந்தாள்.

"இதும் அது இல்லீங்க. அது இன்னும் மங்கலா இருக்கும்."

"மாத்தி அடிச்சுக் குடுக்கச் சொல்லட்டா?"

"நீங்க பாத்தீங்களா இத?"

"பாத்தேன்."

"சும்மா சொல்லாதீங்க. என்ன பாத்தீங்க, சொல்லுங்க."

முனிராஜ் பிரிண்டைத் தொட்டுக் காட்டினான். "நெத்தி எங்க வீட்டு நெத்தி, மேடா இருக்குது. மூக்கு உன்னுது. ஒரு கைய மடக்கிக் கன்னத்துக்கு அடீல வெச்சுட்டு..."

"அந்தக் கைய உங்களுக்குக் காட்டோணும்னுதாங்க அத்தன தடவ கூப்ட்டேன்," என்றாள் மகேஸ்வரி.

அவள் வாய்விட்டு அழுதாள். கொள்ளேகால் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முனிராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.