பன்னிரண்டாவது முள்ளெலும்பு

கதிர்ச் சிகிச்சைத் துறையில் எல்லோரும் அவளை ‘அக்கா டாக்டர்’ என்றே அழைத்தனர். பதினான்கு ஆண்டுகள் பொது மருத்துவம் பார்த்துவிட்டு, நாற்பத்திரண்டாம் வயதில் மீண்டும் மாணவியாக வந்து சேர்ந்தவளை வேறு எப்படி அழைப்பது? துறைத்தலைவரே அவளைவிட ஆறு வயது இளையவர். அவளுடைய தம்பியோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவர். பிறர் முன்னிலையில் அவளை ‘டாக்டர்’ என்பார். பதற்றம் வந்தால் மட்டும் பழைய ‘அக்கா’ நழுவி வெளியே வந்துவிடும்.

அத்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. கதிர் எங்கே பாயவேண்டும் என்று திரையில் வரைந்த பயிற்சி மருத்துவரே, முதல் நாள் எந்திரத்தின் அருகில் இருந்து ‘சரி’ என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் டெக்னீஷியன் பொத்தானைத் தொடமாட்டார். இப்படி வரைந்த ஐம்பது சிகிச்சைத் திட்டங்கள் தொடர்ச்சியாகப் பழுதின்றி முடிந்தால், அதன்பின் தலைவரின் மேலொப்பம் வேண்டியதில்லை. தன் கையெழுத்தே போதும். நாற்பத்தொன்பது முடிந்துவிட்டன. அன்று காலை நடக்கவிருந்தது ஐம்பதாவது.

நோயாளி, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஒரு சிறுநீரகத்தைப் புற்றுநோய் கொண்டுபோயிருந்தது. இப்போது முதுகின் பன்னிரண்டாவது முள்ளெலும்பில் வந்து குடியேறியிருந்தது. ஒரே எலும்பு, ஒரே முறை கதிர். அதில் வலி தணியவேண்டும். எஞ்சியிருக்கும் சிறுநீரகத்திற்குத் தீங்கு நேரக்கூடாதென்று, மேலும் கீழும் கூடுதல் இடம் விடாமல் இறுக்கிப் பிடித்து வரைந்திருந்தாள்.

மேசைமேல் படுத்த மனிதர் வாயை மூடிக்கொண்டு படுக்கவில்லை.

“டாக்டரம்மா, விலாவுல உங்க ஆளுங்க போட்ட கோட்டைக் கண்ணாடியில பார்த்தேன். வலி அங்க இல்லைங்க. ஒரு ஸ்டாப் முன்னாடியே இறக்கிவிடப் பார்க்கிறீங்க.”

“உங்க வண்டியில வந்தவங்க எல்லாரும் சரியான ஸ்டாப்புல இறங்கினாங்களா?” என்றார் டெக்னீஷியன்.

“முப்பத்தோரு வருஷம். ஒருத்தரும் குறை சொன்னதில்ல. சொன்னவங்க பாதி வழியிலயே இறங்கிப் போயிட்டாங்க.”

அவளும் சிரித்துவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தாள். வலி ஓரிடத்தில் பிறந்து வேறோரிடத்தில் தெரியும் என்பது பாலபாடம். திரையில், அன்று எடுத்த படமும் அவள் வரைந்த திட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தன. பின்னால் துறைத்தலைவர் கைகட்டி நின்றார்.

“கச்சிதமா உட்கார்ந்திருக்கு. சொல்லுங்க டாக்டர்” என்றார் டெக்னீஷியன்.

அவள் வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. பதினான்கு ஆண்டுகளாகத் தொட்டுப் பார்க்காமல் ஒருவருக்கும் மருந்து எழுதாதவள் அவள். இந்த மனிதரின் முதுகை மட்டும் அவள் தொடவேயில்லை. வரைவதற்கு முன் வார்டுக் குறிப்பைப் படித்தாள். ஸ்கேன் அறிக்கையைப் படித்தாள். நேரே கணினிமுன் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு நிமிஷம்” என்று உள்ளே திரும்பிப் போனாள். அவரை எழுப்பி உட்காரவைத்து, கட்டைவிரலால் ஒவ்வோர் எலும்பாக அழுத்திக்கொண்டே இறங்கினாள். அவள் குறித்த எலும்பில் அவர் அசையவில்லை. அதற்கடுத்ததைத் தொட்டதும் மேசையின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார்.

“நான்தான் சொன்னேனே” என்றார், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

வெளியே வந்தவளிடம் துறைத்தலைவர் குரலைத் தாழ்த்தினார். “அக்கா, வெளியில எட்டுப் பேர் காத்திருக்காங்க. வலி இடம் மாறித் தெரியும்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா?”

“வேண்டாம். ஆனா நான் இன்னும் ‘சரி’ சொல்லல.”

“இது ஐம்பதாவது. திட்டம் தப்புன்னு ஆச்சுன்னா மறுபடி ஒன்னுலேர்ந்து எண்ணணும். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“எலும்பைச் சரியா எண்ணியிருந்தா அந்தப் பேச்சே வராது. அதை முதல்ல பார்ப்போம். உட்காருங்க தம்பி.”

அவர் உட்கார்ந்தார். அந்தக் குரலுக்கு உட்காராமல் இருந்தவர்கள் குறைவு.

ஸ்கேன் அறிக்கை எழுதியவர் கழுத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணியிருந்தார். அவள் வரைந்த படத்திலோ கழுத்தே இல்லை; அது மார்பின் கீழ்ப்பகுதியில் தொடங்கி இடுப்போடு முடிந்தது. நோயின் தடமும் அதில் தெளிவாக விழவில்லை. ஆகவே கடைசி விலா எலும்பு எதில் ஒட்டியிருக்கிறதோ, அதுவே பன்னிரண்டாவது என்று கொண்டாள். மனிதருக்கு விலா பன்னிரண்டு ஜோடி. யாரும் அப்படித்தான் கொள்வர்.

பழைய கோப்பிலிருந்த மார்பு எக்ஸ்ரேயைத் திரையில் விரித்து, விரலை வைத்து மேலிருந்து எண்ணினாள். டெக்னீஷியனும் கூடவே எண்ணினார். ஒன்பது, பத்து, பதினொன்று. அதன்பின் எண்ணுவதற்கு விலா இல்லை.

“பதினொன்னுதானா?” என்றார் டெக்னீஷியன்.

“பிறவியிலயே ஒரு ஜோடி குறைச்சல்” என்றாள். “நான் பன்னிரண்டுன்னு வரைஞ்சது பதினொன்னாவது எலும்பு. நோய் அதுக்குக் கீழ இருக்கு. தப்பு என்னுடையது.”

துறைத்தலைவர் அவள் திட்டத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். பிறகு, “கீழ என் கையெழுத்தும் இருக்கு” என்றார்.

நண்பகலுக்குள் புதிதாக வரைந்தாள். கணக்கைச் சரிபார்க்கும் இயற்பியலாளர் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சரிபார்த்தார். மாலை நான்கு மணிக்கு ஓட்டுநர் மீண்டும் மேசையேறினார். இம்முறை அவள் விரலை வைத்துப் பார்த்த பின்னரே கோடு போட்டாள்.

“இப்ப சரியான ஸ்டாப்தானா?”

“சரியான ஸ்டாப்தான். வண்டி நிக்கிறவரைக்கும் ஆடாதீங்க.”

கனத்த கதவு மூடியது. அவள் திரையைப் பார்த்தாள், பொருந்தியிருந்தது. “சரி” என்றாள், அடுத்த அறைக்கும் கேட்கும்படி.

பதிவேட்டை எடுத்தாள். ஐம்பது என்று எழுதவேண்டிய கட்டத்தில் ஒன்று என்று எழுதி, பேனாவைத் துறைத்தலைவரிடம் நீட்டினாள்.

“வெள்ளிக்கிழமை வகுப்புல இதை நானே சொல்றேன்” என்றாள். “நீங்க பக்கத்துல உட்காருங்க. கேள்வி ரெண்டு பேருக்கும் வரும்.”

“பசங்க சும்மா விடமாட்டாங்க.”

“விடக்கூடாது. ஐம்பது எனக்கு அஞ்சு மாசம். பார்த்துக்கலாம்.”

அவர் மேலொப்பமிட்டார். சற்று யோசித்து, தம் பெயருக்கு அருகிலும் ஒன்று என்று எழுதினார்.

“அப்போ எனக்கும் முதல்லேர்ந்துதான், அக்கா” என்றார். பதற்றம் ஏதும் இல்லாமல்தான் சொன்னார்.