பெரெண்டின் பிரதி

யோரீன் வாஸிங்க் பத்தொன்பது வருடமாகத் தனியாளாகப் புத்தகம் போடுகிறாள். எழுத்துரு தேர்வதில் தொடங்கி அச்சகத்தாரிடம் மல்லுக்கட்டுவது வரை எல்லாம் அவளேதான். நெதர்லாந்தில் டெவென்டர் என்ற ஊரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அவளது அறை. வருடத்துக்கு ஐந்து புத்தகத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டாள்.

மார்ச் மாதத்தில் பெரெண்ட் நெய்காம்ப் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு மருத்துவமனைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை இருபத்தேழு வருடமாக உரிய ஆட்களுக்கு இணைத்து விடுகிறவர். மனைவி ஹெர்மினா இறந்த பிறகு, தன் வாழ்க்கையையும் தான் கேட்ட அழைப்புகளையும் சேர்த்து எழுத ஆரம்பித்திருந்தார்.

"நூத்தம்பது பிரதி அச்சடிங்க. எனக்கு மட்டும் கம்ப்யூட்டர் வாசிச்சுக் காட்டுற மாதிரி ஒரு ஃபைல் வேணும்" என்றார்.

"அது ஒரு பட்டனைத் தட்டினா வந்துடும். கவலையே படாதீங்க."

யோரீனுக்கு அந்த எழுத்து பிடித்துப்போயிற்று. பக்கத்தின் இடதுபுறம் அகலமான பத்தியில் அவர் வாழ்க்கையை வைத்தாள். வலது ஓரத்தில், மெலிந்த பத்தியில், பச்சை எழுத்தில் தொலைபேசி உரையாடல்கள். ஒருபக்கம் மனிதன் வாழ்ந்துகொண்டிருக்கிறான், மறுபக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. படிப்பவர் கண் இரண்டுக்கும் இடையில் இஷ்டம்போல் போய் வரட்டும் என்று நினைத்தாள். நடுநடுவே ஒன்பது புகைப்படங்கள். முடித்தபோது, இத்தனை வருடத்தில் செய்ததிலேயே இதுதான் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. பட்டனைத் தட்டி பெரெண்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

மறுநாள் காலையில் அவரிடமிருந்து ஃபோன் வந்தது.

"யோரீன், ஒரு சின்ன சந்தேகம். உங்க புத்தகத்துல நான் கல்யாணம் பண்றதுக்கு முன்னாடியே ஹெர்மினா செத்துப்போறாளே?"

"என்னது?"

"அப்புறம் பதினோரு பேர் வரிசையா ஃபோன் பண்றாங்க. அதெல்லாம் முடிஞ்சதும் நான் அவளைக் கட்டிக்கிறேன். துணிச்சலான கதைதான், ஆனா நான் எழுதினது இல்ல."

யோரீன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். பெரெண்ட் காபியும் தேன் கேக்கும் எடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரின் குரலை அவளுக்காக வேகம் குறைத்து ஓடவிட்டார். அது பக்க எண்ணைச் சொன்னது. தலைப்பைச் சொன்னது. வாழ்க்கையில் பாதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வலது ஓரத்துக்குத் தாவி யாரோ ஒரு நோயாளியின் அறை எண்ணைக் கேட்டது. பிறகு, புகைப்படம் வந்த இடத்தில் அதன் கோப்புப் பெயரை எடுத்து அதே குரலில், "படம். ஸ்கேன் நான்கு ஒன்று ஏழு, கடைசி, கடைசி இரண்டு, இதுதான் கடைசி" என்றது.

பெரெண்ட் வாய்விட்டுச் சிரித்தார். "இது யாரு?"

"நீங்களும் ஹெர்மினாவும். கல்யாணப் படம்." யோரீனுக்குக் காது சூடாகிவிட்டது. "மன்னிச்சுடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு, கண்ணு பாத்துக்கும்னு விட்டுட்டேன்."

"எனக்கு ஒரு நேரத்துல ஒரு லைன்தான். எது முன்னாடி, எது காத்திருக்கணும்னு யாராவது முடிவு பண்ணியாகணும்."

வீடு திரும்பும் வழியில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அழகு என்று நம்பிச் செய்த இடத்தில், தான் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் படிப்பவர் தலையில் கட்டியிருந்தது புரிந்தது.

அடுத்த மூன்று வாரம், அவருடைய விடுமுறை நாட்களில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வோர் அழைப்பும் எந்த வரிக்குப் பிறகு வர வேண்டும் என்று பேசினார்கள்; சண்டையும் போட்டார்கள். ஹெர்மினாவை அடக்கம் செய்துவிட்டு பெரெண்ட் வேலைக்குத் திரும்பிய நாளில், ஒரு கிழவர் ரொட்டிக்கடை என்று நினைத்து ஃபோன் செய்து ஆறு ரொட்டி கேட்கிறார். பெரெண்ட் மறுக்காமல் அதைக் குறித்துக்கொள்கிறார். அடக்கத்தை விவரித்த கையோடு இது வர வேண்டும் என்றாள் யோரீன்.

"அங்க வெச்சா அழவைக்கிறதுக்குன்னே வெச்ச மாதிரி இருக்கும். ரெண்டு பக்கம் தள்ளிப் போடுங்க."

தள்ளிப் போட்டதும் நன்றாகத்தான் இருந்தது. வேறு சில இடங்களில் அவர் விட்டுக்கொடுத்தார்.

கடைசியாகப் படங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுத வேண்டும். எட்டு படங்களுக்குச் சுலபமாக முடிந்தது. கல்யாணப் படத்துக்கு வந்ததும் யோரீன் நிறுத்திக்கொண்டாள்.

"என்னாச்சு?"

"இந்தப் படத்தைப் பத்தி மத்தவங்க உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?"

"அழகா இருக்குன்னு. முப்பத்துமூணு வருஷமா அதையேதான் சொல்றாங்க. அம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரர்... ஒரே வார்த்தை."

யோரீன் திரையை மறுபடி பார்த்தாள். பொய் சொல்லலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் மூன்று வாரமாக அவரோடு வாக்கியம் வாக்கியமாக உட்கார்ந்திருந்துவிட்டு இந்த ஒன்றில் மட்டும் மழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"உங்க டை ஒருபக்கமா கோணியிருக்கு. நீங்க வேற திசையில திரும்பி நிக்கிறீங்க. ஹெர்மினா உங்க சட்டைக் கையை இறுக்கிப் பிடிச்சிருக்காங்க. அவங்க... கோவமா இருக்காங்க, பெரெண்ட். நல்ல கோவம். வாய் பாதி திறந்திருக்கு."

சொல்லி முடித்ததும், தப்பு செய்துவிட்டோமோ என்று யோரீன் பயந்தாள்.

"அந்த ஃபோட்டோக்காரன்!" என்றார் திடீரென்று. "'இங்க பாருங்க சார், இங்க பாருங்க சார்'னு கத்திட்டே இருந்தான். மூணாவது தடவை ஹெர்மினா பொங்கிட்டா. 'யோவ், அவரு எங்கய்யா பாப்பாரு? நீ வேணா இந்தப் பக்கம் வந்து நில்லு'ன்னா. அந்த நேரத்துலயா எடுத்தான் கடன்காரன்?" சிரித்து முடித்ததும் கண்களைத் துடைத்துக்கொண்டார். "நீங்க இப்ப சொன்னீங்களே, ஒரு வார்த்தை மாத்தாம அதையே எழுதுங்க."

எழுதினாள். அச்சுப் பிரதியிலும் படத்துக்குக் கீழே அதையே போட்டாள். அச்சின் இரண்டு பத்திகள் அப்படியே இருந்தன. ஆனால் எது எங்கே சேரும் என்று இப்போது தெரிந்துவிட்டதால் பதினான்கு உரையாடல்களை இடம் மாற்றினாள். ஜூனில் வர வேண்டிய புத்தகம் செப்டம்பரில்தான் வந்தது. அச்சகத்தார் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நூலகத்தில் நடந்த வெளியீட்டில் பெரெண்ட் ஒரு காதில் கம்ப்யூட்டர் குரலைக் கேட்டபடி, அரை வாக்கியம் பின்தங்கி, தானே உரக்க வாசித்தார். ரொட்டி கேட்ட கிழவரின் இடம் வந்ததும் கூட்டம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக அமைதியானார்கள். அவர் ஒரு வரியில்கூடத் தடுமாறவில்லை.

அடுத்த திங்கட்கிழமை யோரீன் தான் முன்பு போட்ட கவிதைப் புத்தகம் ஒன்றின் கோப்பைத் திறந்து கம்ப்யூட்டரை வாசிக்கச் சொன்னாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை. அதை எழுதிய கவிஞருக்கு நடந்ததைச் சொல்லிக் கடிதம் எழுதினாள்.

"இத்தனை வருஷத்துல யாருமே கேக்கலயே, விடு யோரீன்" என்று பதில் வந்தது.

அவள் விடவில்லை. வாரம் ஒரு கவிதையாகச் சரிசெய்துகொண்டிருக்கிறாள்.