விடிகாலையில் யாரும் வரவில்லை

அடிஸ் அபாபாவில் நாங்கள் சாவுச் செய்தியை வீட்டாருக்குப் போனில் சொல்ல மாட்டோம். வெளியூரில் ஒருவர் இறந்துபோனால், செய்தி முதலில் தெருவின் இதிர் சங்கத்துக்கு வரும். சாவு வீட்டுக்குக் கூடாரமும் பெஞ்சும் பாத்திரமும் கொடுக்கிற சங்கம் அது. ரத்த உறவில் ஒருவர் வந்து சேரும்வரை நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். பிறகு ஒரு விடிகாலை, வீட்டுக்காரர் படுக்கையை விட்டு எழும் முன்பே, எல்லோரும் கூட்டமாகப் போய்க் கதவைத் தட்டுவோம். அழுது விழுகிறவரைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றுதான் இந்த பிப்ரவரிவரை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிசாய் இறந்த செய்தி திங்கள்கிழமை வந்தது. சோமாலியாவில் ஆப்பிரிக்க அமைதிப்படையில் இருந்தான். கூட இருந்த சிப்பாய் ஒருவன் சங்கத் தலைவர் டெசெமாவைப் போனில் கூப்பிட்டு, அழுதபடி சொல்லியிருக்கிறான். சிசாயின் அம்மா அஸ்நாகெச் எனக்குப் பக்கத்து வீடு. புருஷன் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது, பிள்ளையும் அவன் ஒருவன்தான். உறவென்று சொல்லிக்கொள்ள டெஸ்ஸே ஊரில் ஒரு தம்பி இருந்தான்.

அது ஆப்பிரிக்கத் தலைவர்களின் மாநாட்டு வாரம். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்று தம்பி சொல்லிவிட்டான். சங்கத்தில் கூடிப் பேசினோம்.

"சொல்லிடலாம் ஐயா," என்றேன் டெசெமாவிடம். "அவ தினமும் அந்த மாநாட்டு மண்டபத்துக்குத்தானே வேலைக்குப் போறா. அங்க எவனாவது உளறி வைப்பான்."

"உனக்கு எப்பவும் அவசரம், முலுனெஷ். மண்டபத்துல இருக்கறவங்கள்ல யாருக்கு நம்ம சிசாயைத் தெரியும்?"

"அது சரி. தெரிஞ்சிருந்தா அவனை அங்க அனுப்பியிருப்பாங்களா?"

"வாய் ஜாஸ்தி உனக்கு. தம்பி வரட்டும். அவன் இல்லாம கதவைத் தட்டினா அவ யார் மேல விழுந்து அழுவா? உன் மேலயா? அவ சாஞ்சா நீயும் சேர்ந்து விழுவே."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார்கள். காத்திருப்பது என்று முடிவானது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மண்டபத்தின் முன்கூடத்தில் பச்சைப் புல் பரப்பி, காபிக்கொட்டை வறுத்து, ஜெபெனா மண்குடத்திலிருந்து விருந்தாளிகளுக்குக் காபி ஊற்றித் தருவது அஸ்நாகெச்சின் வேலை. கண்டத்தின் அதிபர்களுக்கெல்லாம் தன் கையால் காபி என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. அந்த வாரம் முழுவதும் நான் அவள் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்துவிட்டாள்.

"என்னடி, நான் பெரிய மனுஷங்களோட பழகறேன்னு பொறாமையா? உள்ள வா, உட்காரு."

போனேன். அவள் முதல் கோப்பையை ஊற்றினாள்.

"அங்க வர்றவங்களுக்குக் காபி குடிக்கவே தெரியல, முலு. முதல் கப்பை வாங்கறாங்க, போட்டோ பிடிச்சுக்கறாங்க, ஓடறாங்க. ரெண்டாவதுக்கே ஆள் இல்ல. மூணாவது பரக்கா, ஆசீர்வாதக் கப்பு. அதுக்கு இந்த வாரம் ஒருத்தர்கூட உட்காரல. அமைதி வேணுமாம், ஆசீர்வாதம் வேண்டாமாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இரண்டாவதை ஊற்றினாள்.

"இன்னைக்கு எல்லாரையும் எழுந்து நிக்கச் சொன்னாங்க. காபி ஊத்தற எங்களையும்தான். சோமாலியாவுல இந்த வாரம் செத்துப்போன நம்ம பிள்ளைங்களுக்காகன்னு மைக்குல சொன்னாங்க. பேர் எதுவும் சொல்லல. நான் கையில ஜெபெனாவோட நிக்கறேன், பாதி காபி புல்லுல கொட்டிப்போச்சு."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, எல்லாரும் உட்கார்ந்தாங்க. ஒருத்தர் மேடையேறி, நம்ம காயத்துக்கு நாமே மருந்து போடற காலம் வந்தாச்சு, இனிமே உலக சமாதானத்தை ஆப்பிரிக்காவைக் கேக்காம யாரும் பேச முடியாதுன்னார். நல்லாத்தான் பேசினார். சிசாயும் இதையேதானே சொல்லுவான்."

உண்மைதான். வெளியிலிருந்து எவனோ வந்து நம்மைக் காப்பாற்றுவான் என்று எத்தனை காலம் உட்கார்ந்திருப்பது என்று கேட்டுவிட்டுத்தான் அவன் கிளம்பினான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

"ஆனா எனக்கு பயம் இல்ல, முலு," என்றாள். "மொதல்ல பயந்தேன்தான். பஸ்ல வரும்போது யோசிச்சேன். இந்த வாரம் ஒரு விடிகாலையிலயாவது யாராவது என் கதவைத் தட்டினாங்களா? இல்ல. டெசெமா ஐயா இருக்கார், நீ இருக்கே. அப்படி ஒண்ணுன்னா உனக்குத் தெரியாமலா போகும்? தெரிஞ்சா என் முன்னாடி இப்படிக் காபி குடிச்சிட்டு உட்கார்ந்திருப்பியா? எம்பிள்ளை நல்லாத்தான் இருக்கான். செத்தது வேற யாரோ பெத்த பிள்ளைங்க. அந்த அம்மாக்களை நெனச்சுதான் பஸ்ல அழுதுட்டே வந்தேன்."

போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது கோப்பையை நிரப்பி என்னிடம் நீட்டினாள்.

"இது அவனுக்கு. அவன் பேரைச் சொல்லிக் குடி."

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. தம்பி அன்று ராத்திரி வந்துவிடுவான், இன்னும் ஒரு ராத்திரிதானே என்று தோன்றியது. அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி இருந்தது.

"சிசாய் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் குடித்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெளுக்கும் முன்பே அவள் வாசலில் கூடினோம். துக்கத்துக்குப் போர்த்துகிற விதமாக, வெள்ளைப் போர்வையின் கரை கழுத்தருகே வரும்படி எல்லோரும் போர்த்தியிருந்தோம். முன்னால் தம்பி, பக்கத்தில் டெசெமா. தட்டுவதற்காக டெசெமா கையைத் தூக்கியபோது கதவு தானாகத் திறந்தது. மாநாட்டின் கடைசி நாள் என்பதால் அவள் சீக்கிரமே கிளம்பியிருந்தாள். அவளுடைய போர்வையின் கரை வழக்கம்போலக் கீழே தொங்கியது.

தம்பியைப் பார்த்தாள். எங்கள் கழுத்துகளைப் பார்த்தாள்.

தம்பி "அக்கா" என்று இரு கையையும் நீட்டினான். அவள் அவனைத் தாண்டி, டெசெமாவைத் தாண்டி, பின்வரிசையில் நின்ற என்னிடம் வந்தாள்.

"நேத்து அவன் பேரைச் சொல்லிக் குடிச்சியே, முலு," என்றாள்.

அவளைத் தாங்குவதற்காக நாங்கள் அத்தனை பேரும் நின்றோம். அவள் யார்மேலும் சாயவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.