கூடைக் கயிறு

மன்னார் நீதிமன்றத்தில் வெள்ளைக்கார நீதிபதித் துரைக்குத் தமிழ் தெரியாது, சனத்துக்கு ஆங்கிலம் தெரியாது. இந்தக் குறையினால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. மொழிபெயர்ப்பு முதலியார் என்று பெயர். வாயை வைத்துப் பிழைக்கிறவன் என்று வீட்டில் கேலி செய்வார்கள், அது உண்மைதான். அப்பேர்ப்பட்ட நான் ஒரு வழக்கில் வாயடைத்து நின்றேன்.

அந்த வருடம் முத்துக்குளிப்பு நடந்தது. கொண்டச்சிக் கடலில் சிப்பி எடுக்க மூழ்கிய அலியார் திரும்பி வரவில்லை. படகில் இருந்து அவனுடைய கயிற்றைப் பிடித்தவன் சனூன், அலியாரின் மனைவி நசீறாவின் தம்பி. எங்கள் கடலில் குளிப்பவனின் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள். அக்காவை விதவையாக்க எவனுக்கும் மனம் வராது என்ற நம்பிக்கை. சனூன் பிறவியிலேயே காது கேளாதவன், பேச்சும் இல்லை. கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் தூக்கவேண்டும். இதற்குக் காது எதற்கு? ஆனாலும் உடல் கரையொதுங்கியதும், கவனக்குறைவால் சாவுக்குக் காரணமானான் என்று பொலிஸ் அவனைப் பிடித்து அடைத்துவிட்டது.

படகில் மற்றவர்கள் அவரவர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நடந்தது சனூனுக்கு மட்டும்தான் தெரியும். அவனுடைய கைப்பேச்சோ நசீறாவுக்கு மட்டும்தான் தெரியும். சிறுபிள்ளைகளாக இருந்தபோது இரண்டு பேரும் தாங்களே உண்டாக்கிய பேச்சு அது. கணவன் இறந்து, வெளியே வராமல் இத்தா இருந்தவளை பள்ளிவாசல் லெப்பையின் சம்மதத்தோடு வண்டியில் கூட்டிவந்தார்கள். உடல் முழுக்க வெள்ளைப் புடவை. கண்ணும் கைகளும் மட்டுமே தெரிந்தன.

"இவள் சரியாகச் சொல்கிறாள் என்று எப்படி அறிவது?" என்று துரை கேட்டார்.

"வழியில்லை. என்னையும் நீங்கள் அப்படித்தான் நம்புகிறீர்கள்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

கயிறு அசையவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சனூன் வீட்டுக்குப் போய்விடுவான். புருஷன்தான் போனான், தம்பியாவது மிஞ்சட்டும் என்று நானும் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அலியார் கயிற்றைச் சுண்டினானா என்று துரை கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அவள் கைகளால் கேட்டாள். பிடிபட்ட பிறகு அன்றுதான் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். சனூனின் கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. பிறகு நிற்காமல் பேசின. அவள் கண் எடுக்காமல் பார்த்து, அவனே பேசுவதுபோல் சொன்னாள்.

"ரெண்டு கயிறும் ஒண்டாச் சுண்டுப்பட்டது. ஒண்டு மச்சான்ர, மற்றது சிப்பிக் கூடையின்ர. கூடை நல்ல பாரம். நான் கூடையை முதல் தூக்கினனான். பிறகு மச்சான்ர கயித்தை இழுத்தனான். அது பாரமில்லாமல் வந்தது."

தன் புருஷன் எப்படிச் செத்தான் என்பதை அவள் அந்தக் கணத்தில்தான் அறிகிறாள். அறிந்ததை அவள் வாயே சபைக்குச் சொல்கிறது. ஒரு சொல்லும் தடுக்கவில்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் அப்படியொரு மனுஷியை நான் கண்டதில்லை.

துரை பேனாவைக் கீழே வைத்தார். தான் சொன்னதன் பலன் அவளுக்கு விளங்குகிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"விளங்குது ஐயா. மாத்திச் சொன்னா அவன்ர வாயை நான் பொத்தினமாதிரி. அவனுக்கு வேற வாய் இல்லை."

ஆறு மாதம் சிறை. தீர்ப்பையும் அவள்தான் தம்பிக்குச் சொல்லவேண்டும். மணிக்கட்டுகளைச் சேர்த்துக் காட்டினாள். அவன் தலை குனிந்தான். அவள் கூண்டருகே போய் அவனுடைய நாடியைத் தூக்கி, மேலும் ஏதோ கைகளால் சொன்னாள். சனூன் கூண்டுக் கம்பியில் முகத்தை வைத்துக் குலுங்கினான்.

தீர்ப்பில் இல்லாத எதைச் சொல்கிறாள் என்று துரை கேட்டார்.

"அது கோட்டுக் கதை இல்லை ஐயா" என்றாள் நசீறா. "விட்டவுடன நேரா வீட்டுக்கு வா, நான் சோறாக்கி வைக்கிறன் எண்டு சொன்னனான்."

அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் என் குரல் உடைந்துபோனது. துரை மிச்சத்தைக் கேட்கவில்லை.