ஒன்று விட்டு ஒன்று

அலுவலகத்தில் அவளை நம்பரம்மா என்பார்கள். எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த எண் என்று தீர்மானிப்பவள் அவள்தான். அவள் கணவன் அதே துணிக் கம்பெனியில் கேபிள் இழுப்பவன். காலையில் ஒரே வண்டியில் வந்து இறங்குவார்கள். வாசல் தாண்டியதும் யாரோ எவரோ. அது அவள் போட்ட சட்டம். வீட்டுக்காரனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதாம்.

நடுவில் அலுவலகம், கிழக்கே கிடங்கு. இரண்டு வாரம் முன்பு மேற்கே புதிதாகத் தையல் கூடம் திறந்தார்கள். அவன் கேபிள் இழுத்தான், அவள் கூடத்தின் ரவுட்டரை அமைத்தாள். கிடங்கு ரவுட்டரில் ஏழு வருடமாக ஓடிக்கொண்டிருந்த அமைப்பை அப்படியே எடுத்துப் போட்டு எண்களை மட்டும் மாற்றினாள். நன்றாக ஓடுவதில் எதற்குக் கை வைப்பானேன்?

மறுநாளே தையல் கூடத்திலிருந்து புகார். அலுவலகத்திலிருந்து அனுப்பிய சோதனைச் செய்திகளில் பாதிக்குத்தான் பதில் வந்தது. புது இடம், புது கேபிள், வேறெதைச் சந்தேகப்படுவது? 'கேபிள் பழுது, மாற்ற வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்காரன் என்று பார்க்காமல் எழுதியதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். கூரைக்கு மேல் தவழ்ந்து இருநூற்று நாற்பது அடியையும் உருவி எறிந்துவிட்டு, மூன்று நாளில் புதிதாக இழுத்தான். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து போயின. மறுபடியும் பாதிதான் வந்தது.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"ரெண்டு தடவை இழுத்தும் உருப்படல. திங்கக்கிழமையிலேருந்து வேற ஆளை வச்சுக்கலாம்னு இருக்கேன். இந்த கேபிளும் பழுதுன்னு சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க. வீட்டுக்காரர்னு பாக்காதீங்க."

"பாக்க மாட்டேன் சார்."

திரும்பி வந்தபோது அவள் அறையில் அவன் நின்றுகொண்டிருந்தான். சட்டத்தை மீறி வந்தது அதுதான் முதல் தடவை. திரையில் ஆச்சரியக்குறி, புள்ளி, ஆச்சரியக்குறி, புள்ளி என்று ஓடிக்கொண்டிருந்தது.

"புள்ளின்னா பதில் வரலன்னு அர்த்தமா?"

"ஆமா."

"கேபிள் கெட்டா தாறுமாறாத்தான் விடும். இது ஒண்ணு விட்டு ஒண்ணு விடுது. ஒயருக்கு எண்ணத் தெரியாதும்மா."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. எனக்கே பாடமா என்று எரிச்சலும் வந்தது. அந்த எரிச்சலிலேயே கிடங்குக்கும் ஒரு சோதனை அனுப்பினாள். அங்கும் ஒன்று விட்டு ஒன்று. கிடங்குக் கேபிளை ஏழு வருடமாக யாரும் தொட்டதில்லை. கிடங்கு கிளார்க்கைப் போனில் பிடித்தாள்.

"ரெண்டு வாரமா இப்படித்தான் மேடம். கம்ப்யூட்டர்னா அப்படித்தானேன்னு விட்டுட்டோம்."

அலுவலக ரவுட்டரின் பாதைப் பட்டியலைத் திறந்தாள். கிடங்குக்கும் கூடத்துக்கும் எண்களை ஒரே பெரிய தொகுதியிலிருந்துதான் வெட்டிக் கொடுத்திருந்தாள், கிடங்குக்குப் பெரிய துண்டு, கூடத்துக்குச் சின்னது. எந்தத் துண்டு எதுவரை என்று சொல்வது மாஸ்க். ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் முறையின் பழைய பதிப்பைத்தான் கிடங்கிலிருந்து எடுத்துப் போட்டிருந்தாள்; அது அந்த மாஸ்க்கை வெளியே சொல்லாது. கதவு எண் இல்லாமல் தெருப் பெயரை மட்டும் சொல்கிற மாதிரி. ஆகவே கிடங்கு 'முழுத் தொகுதியும் என்னிடம்' என்றது, கூடமும் அதையே சொன்னது. அலுவலக ரவுட்டர் இரண்டையும் நம்பி, ஒன்றை இங்கே, ஒன்றை அங்கே என்று பங்கு போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. கிடங்கு மட்டும் இருந்தவரை அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்று ரவுட்டர்களிலும் இரண்டாம் பதிப்புக்கு மாற்றினாள். அது மாஸ்க்கையும் சேர்த்தே சொல்லும். ஆனாலும் புள்ளி போகவில்லை. அட கஷ்டமே என்று நெற்றியில் தட்டிக்கொண்டபோதுதான் ஞாபகம் வந்தது: தொகுத்துச் சொல்லாதே என்று தனியாக ஒரு வரி போடாவிட்டால், இதுவும் பழைய வழக்கத்தில் முழுத் தொகுதியாகவே சுருக்கிவிடும். அந்த வரியையும் போட்டாள். பட்டியலில் இரண்டு துண்டுகளும் தனித்தனியாக வந்தன. இருபது அனுப்பினாள், இருபதுக்கும் பதில் வந்தது.

சாயங்காலம் மேனேஜரிடம் தாளை நீட்டினாள். 'கேபிளில் பழுதில்லை. முதல் கேபிளிலும் இல்லை. தவறு ரவுட்டர் அமைப்பில். அமைத்தது நான்.'

"சரியாயிடுச்சுல்ல, அவரே இருக்கட்டும். இதையெல்லாம் எழுதணுமா?"

"எழுதணும் சார்."

அவன் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து, உருவிப்போட்ட பழைய கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் பார்க்க அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"அப்போ இது நல்ல கேபிள்தானா?"

"நல்ல கேபிள்தான்."

"எனக்குத் தெரியும். இழுத்த அன்னிக்கே மீட்டர் வச்சுப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா உருவிப் போட்டீங்க? ஏன் சொல்லல?"

அவன் சுருளை மடியில் வைத்துக் கட்டினான்.

"கீழ உன் கையெழுத்து இருந்துச்சே," என்றான்.